சேர்ந்து வாசிக்கக் கற்பித்தவர்: பாபா அலாவுதீன் கான்

எமது பாடசாலை அன்னையின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை நன்றாக எழுதக்கூடிய மருத்துவர்கள் எமது பழைய மாணவிகளிடையே பலர் உள்ளனர். நாம் இங்கு எழுத விரும்புவது ஓர் இசை ஆசிரியரின் வாழ்வு. அவர் எமது தீவுகளுக்கு வந்தவரல்லர். எமது மொழி பேசியவருமல்லர். ஆயினும் நூற்றாண்டையொட்டிப் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவை மீண்டும் அமைக்கச் சங்கம் முயற்சி எடுத்துள்ளது என்று அறிந்தபோது, எமக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவரே.

அவரைச் சொல்வதற்கு முன் எம்மைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் ஊர்களை விட்டு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தபோது நாம் சிறு பிள்ளைகள். பாண்ட் வாத்தியங்கள் யாவும் பாடசாலைக் களஞ்சிய அறையிலேயே தங்கிவிட்டன. நகரில் இரவல் கட்டடம் ஒன்றில் பிற்பகல் வேளையில் பாடசாலை நடந்தது. அங்கு எமது ஆசிரியை ஒருவர் பாண்ட் பயிற்சியைக் கைவிடவில்லை. மேசைப் பலகையே சைட் ட்ரம். பிஸ்கட் தகரமே பேஸ் ட்ரம். வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். தகப்பனை இழந்த பின் மாதக்கணக்கில் எவருடனும் பேசாதவள். ஆசிரியை அந்தத் தகரத்தை அவளிடம் கொடுத்தார். அவள் தட்டினால்தான் மற்றவர்கள் தொடங்கலாம், அவள் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் பேசத் தொடங்கிய நாள் எமக்கு நினைவில்லை. தகரம் அடிக்கத் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது.

இனி அந்த ஆசிரியரின் வாழ்வுக்கு வருவோம்.

அலாவுதீன் கான் இன்றைய பங்களாதேஷின் பிராமன்பாரியாப் பகுதியில் உள்ள சிப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டுக்கு இரு கணக்குகள் உண்டு. 1862 என்பது ஒன்று, 1881 என்பது மற்றையது. இறந்த நாளில் ஐயமில்லை: 1972 செப்டெம்பர் 6. பத்து வயதளவிலேயே இசை மோகத்தால் வீட்டை விட்டு ஓடி, ஊர் ஊராகத் திரியும் ஜாத்ரா நாடகக் குழுவுடன் சேர்ந்தார். வங்காளத்து ஜாத்ராவை எங்கள் நாட்டுக்கூத்துக்கு அண்ணளவாக ஒப்பிடலாம். பின்னர் கல்கத்தா சென்று, நூலோ கோபால் என அழைக்கப்பட்ட பாடகரிடம் மாணவரானார். பன்னிரண்டு ஆண்டுகள் சுரப் பயிற்சி மட்டுமே செய்ய வேண்டும் என்பது குருவின் நிபந்தனை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கடந்த நிலையில் குரு பிளேக் நோயில் மாண்டார்.

இவரது வாழ்வைத் தொற்றுநோய் திசைதிருப்பிய முதற்சந்தர்ப்பம் அது. அத்தகைய குரு இனிக் கிடைக்கமாட்டார் என்று எண்ணி, வாய்ப்பாட்டைத் தொழிலாகக் கொள்வதில்லை என்று முடிவு செய்த அலாவுதீன், வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்.

அவரை அப்போது ஏற்றுக்கொண்டவர் அம்ரித்லால் தத்தர். 1897 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சுவாமி விவேகானந்தரின் உறவினர் இவர். கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டரில் வாத்தியக் குழுவை நடத்திவந்தார். சிதார், புல்லாங்குழல், மாண்டலின், பான்ஜோ என அலாவுதீன் அங்கு பல கருவிகளைப் பழகினார். கோவாவைச் சேர்ந்த பாண்ட் மாஸ்டர் லோபோ என்பவரிடம் மேலைநாட்டு முறையில் வயலின் கற்றார். ஹஸாரி உஸ்தாத்திடம் ஷெனாய் கற்றார். இந்திய இசைக் கலைஞர்கள் தனியாக அமர்ந்து, ஒரு தாளக்காரரைத் துணைக்கொண்டு வாசிக்கும் மரபில் வந்தவர்கள். பலர் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பது எப்படி என்பதை அலாவுதீன் கண்டது நாடகக் கொட்டகையிலும் பாண்ட் மாஸ்டரின் வீட்டிலுந்தான்.

இது எமக்குப் புதுமையன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைஞரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். ஐரோப்பிய பாண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டே முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். பாண்ட் வாத்தியம் எமது இசைக்கு அந்நியம் என்று சொல்வோர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

முக்தாகச்சா ஜமீன்தாரின் அரண்மனையில் அஹ்மத் அலி கான் சரோத் வாசிக்கக் கேட்டதும் அலாவுதீனின் கர்வம் எல்லாம் கரைந்தது. அவரிடம் மாணவராகச் சேர்ந்து, சமைத்துக் கொடுத்து, பணிவிடை செய்து கற்றார். அதன்பின் ராம்பூர் சென்றார். அங்கு அரசவைக் கலைஞரான வஸீர் கான் தான்சேன் பரம்பரையில் வந்த வீணைக்காரர். அவரை நெருங்க வழி காணாத அலாவுதீன், ராம்பூர் நவாப்பின் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்து முறையிட்டார் என்று சொல்வார்கள். மாணவராக ஏற்ற பின்னும் குரு நெடுங்காலம் எதையும் கற்பிக்கவில்லை. அலாவுதீன் வாசலில் காத்திருந்தார். ஈற்றில் குரு மனமிரங்கித் தம் பரம்பரைச் செல்வத்தை அவருக்கு வழங்கினார்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பின், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மைஹர் என்ற சிறு சமஸ்தானத்தில் அரசவைக் கலைஞராகவும் மகாராஜா பிரிஜ்நாத் சிங்கின் குருவாகவும் அமர்ந்தார். குன்றின் உச்சியில் சாரதா தேவி கோயில் கொண்ட ஊர் அது. ஐந்து வேளை தொழுகையைத் தவறவிடாத முஸ்லிமான அலாவுதீன், அந்தத் தேவியையும் தாயாகப் போற்றினார். நயினாதீவில் நாகபூஷணி அம்மன் ஆலயத்தையும் நாகவிகாரையையும் ஒரே படகில் வந்திறங்கும் மக்கள் தரிசிப்பதைக் கண்டு வளர்ந்த எமக்கு அந்த மனத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று.

இரண்டாவது தொற்றுநோய் அங்குதான் வந்தது.

1918 இல் உலகைச் சுற்றிய இன்புளுவென்சா, முதல் உலகப் போரின் படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல்களோடு பம்பாயில் இறங்கி, ரயில் பாதைகள் வழியே உள்நாட்டுக்குள் புகுந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையையும் அது விட்டுவைக்கவில்லை. மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கு அந்த நோயில் ஒரு விடயம் எப்போதும் நெஞ்சை உறுத்தும். வழமையான இன்புளுவென்சா கைக்குழந்தைகளையும் முதியோரையுமே பெரும்பாலும் கொண்டுபோகும். 1918 இன் நோயோ 20 முதல் 40 வயது வரையான திடகாத்திரமானவர்களைத் தேடித் தேடிக் கொன்றது. காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலில் பற்றீரியாத் தொற்று ஏற்படும். அதற்குக் கொடுக்க மருந்து இல்லை. பெனிசிலின் கண்டறியப்படவே இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள் யார்? பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரும் தகப்பன்மாருமே. ஆகவே அந்த நோய் விட்டுச்சென்றது வெறும் மரணக் கணக்கையன்று. ஊருக்கு ஊர் ஆதரவற்ற பிள்ளைகளை.

மைஹரிலும் அப்படிப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். அலாவுதீன் அவர்களைச் சேர்த்தெடுத்தார். மகாராஜாவின் ஆதரவுடன் அவர்களுக்கு உணவும் இருப்பிடமும் கிடைத்தன. உணவும் இருப்பிடமும் கொடுப்பது அநாதை இல்லம். அலாவுதீன் அதற்கு மேலும் ஒன்று செய்தார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு வாத்தியத்தைக் கொடுத்தார். இப்படித்தான் மைஹர் பாண்ட் பிறந்தது. இந்திய ராகங்களை வாசிக்கும் வாத்தியக் குழுக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

அவர் தேர்வு நடத்தவில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். குரல்வளம் உள்ளவர், கலைக் குடும்பத்தில் பிறந்தவர், நல்ல காது உடையவர் என்று பிரித்தெடுத்த பிள்ளைகளல்லர் அவர்கள். பெற்றோரை இழந்திருந்தார்கள் என்பதே அவர்களின் தகுதி. எழுத்து வாசனை அறியாத பிள்ளைகளுக்கு நொட்டேஷன் தாள்கள் உதவா. வாயால் சொல்லி, காதால் கேட்கச் செய்து, கையால் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்து கற்பித்தார். எமது தவில் வித்துவான்கள் சொற்கட்டை வாயில் ஏற்றிய பின்னர் கைக்கு இறக்குவது போன்ற முறை. அந்தப் பிள்ளைகள் தமக்குப் பின் வந்தவர்களுக்கும் நினைவிலிருந்தே கற்பித்தனர்.

குழுவில் சிதார், சரோத், எஸ்ராஜ், வயலின், செலோ, கிளாரினெட், ஹார்மோனியம், பியானோ, தபேலா எல்லாம் இருந்தன. கீழைத்தேயம், மேலைத்தேயம் என்ற வேலி இல்லை. இல்லாத கருவியை அலாவுதீன் தாமே உண்டாக்கினார். அவற்றுள் ஒன்று நல்தரங். மகாராஜாவின் ஆயுதக் களஞ்சியத்தில் கிடந்த துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளங்களில் வெட்டி, வரிசையாக ஒரு சட்டத்தில் அடுக்கி, சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் கருவி அது. குழல் குறுகக் குறுக ஒலி உயரும். நீளத்தைச் சரியாக அளந்து வெட்டினால் துப்பாக்கி சுரம் பேசும்.

நல்தரங் பற்றி முதன்முறை அறிந்தபோது நாம் நெடுநேரம் வேறெதையும் நினைக்க முடியாமல் இருந்தோம். நாம் தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பிடுங்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்ட காலத்தில் வளர்ந்தவர்கள். பயணத்துக்கான இரும்பைப் போருக்குக் கொடுத்தவர்கள். அவரோ போருக்கான இரும்பை எடுத்துத் தாயற்ற பிள்ளைகளின் கையில் இசையாகக் கொடுத்தார்.

உலகில் இதற்கு முன்னும் இவ்வாறு நடந்திருக்கிறது. இத்தாலியின் வெனிஸ் நகரில் பியெட்டா என்ற ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கு 1703 இல் ஓர் இளம் பாதிரியார் வயலின் ஆசிரியராக வந்தார். அவர்தான் அந்தோனியோ விவால்டி. அந்த இல்லத்துப் பெண்பிள்ளைகளின் இசைக்குழுவுக்காகவே அவர் பல படைப்புகளை எழுதினார். தேவாலயத்தின் மேல்மாடத்தில் கம்பிச் சட்டங்களுக்குப் பின்னால் நின்று வாசித்த அந்தப் பிள்ளைகளைக் கேட்க ஐரோப்பாவெங்கும் இருந்து ஆட்கள் வந்தனர். வெனிஸைப் பற்றி மைஹர் ஆசிரியர் அறிந்திருக்கத் தேவையில்லை. துன்பம் ஒரே மாதிரியாக இருக்கும்போது, நல்ல மனங்கள் கண்டுபிடிக்கும் மருந்தும் ஒரே மாதிரியாக இருந்துவிடுகிறது.

பாபாவின் வாழ்வில் நாம் ஒளிக்கக் கூடாத பக்கமும் உண்டு. அவர் கடும் கோபக்காரர். மாணவர்களை அடித்தார். தம் மகன் அலி அக்பரை மரத்தில் கட்டிவைத்தும் தண்டித்தார் என்பர். நாளுக்குப் பதினெட்டு மணித்தியாலம் வரை சாதகம் செய்ய வேண்டியிருந்த அலி அக்பர் ஒருமுறை வீட்டை விட்டு ஓடியதும் உண்டு. இசைக்காக வீட்டை விட்டு ஓடிய ஒருவரின் மகன், இசைப் பயிற்சிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினார். அலி அக்பர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சரோத் மேதையானார் என்பதற்காக அந்த அடிகளை நாம் நியாயப்படுத்தமாட்டோம். பிள்ளையை அடித்துத் திருத்தலாம் என்ற எண்ணம் எமது ஊர்களிலும் வேரோடியிருந்தது. அதன் தழும்புகளை மருத்துவ அறையில் இன்றும் காண்கிறோம்.

பெண்பிள்ளைகளின் கல்விக்கெனத் தோன்றிய ஒரு பாடசாலையின் மலரில் அவருடைய பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. மூத்த மகளுக்கு அவர் இசை கற்பித்தார். மணமாகிச் சென்ற வீட்டில் அந்த இசையே அவருக்குத் துன்பமாக முடிந்தது என்றும், அவர் இளவயதிலேயே இறந்தார் என்றும் அக்குடும்ப வரலாறு கூறுகிறது. அந்த நோவில், 1927 இல் பிறந்த இளைய மகள் அன்னபூர்ணாவுக்கு இசை கற்பிப்பதில்லை என்று தகப்பனார் இருந்துவிட்டார். ஆனால் அண்ணன் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டே தங்கை பாடம் முழுவதையும் பிடித்துவிட்டாள். ஒருநாள் அண்ணன் பிழைவிட, அவள் பாடித் திருத்திக்கொண்டிருந்ததைத் தகப்பனார் கேட்டுவிட்டார். அன்றே தம் தீர்மானத்தைக் கைவிட்டு அவளையும் மாணவியாக்கினார். அந்த மகள் சுர்பஹார் வாசிப்பில் ஒப்பற்றவரானார். மேடையை விட்டு விலகி வாழ்ந்தாலும், நிகில் பானர்ஜி, ஹரிபிரசாத் சௌராசியா போன்றோருக்குக் குருவாக விளங்கி, 2018 இல் மறைந்தார். ஒரு பெண்பிள்ளைக்குக் கற்பிப்பதில்லை என்ற முடிவு அன்பினால் எடுக்கப்பட்டாலும் பிழையான முடிவே. பாபா தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார். பெரியவர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத குணம் இது.

1935 இல் உதய் சங்கரின் நடனக் குழுவுடன் பாபா ஐரோப்பா சென்றார். அக்குழுவில் இருந்த உதய் சங்கரின் தம்பி, பகட்டான வாழ்வை விட்டு 1938 இல் மைஹர் வந்து மாணவரானார். அவர்தான் ரவி சங்கர். புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷும் பாபாவின் மாணவரே. இந்திய அரசு 1958 இல் பத்மபூஷண் விருதையும் 1971 இல் பத்மவிபூஷண் விருதையும் அவருக்கு வழங்கியது. பாபாவின் பெயர் வரும் இடமெல்லாம் உலகம் இந்தப் பெரிய மாணவர்களையே நினைக்கிறது.

1971 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நியூயோர்க் நகரில், ஜோர்ஜ் ஹரிசனும் ரவி சங்கரும் ஒழுங்குசெய்த பங்களாதேஷ் நிதி இசைநிகழ்ச்சி நடந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் நடந்துவந்த ஆண்டு அது. அன்று மேடையில் முதலில் வாசித்தவர்கள் ரவி சங்கரும் அலி அக்பர் கானும். பாபாவின் மருமகனாக இருந்தவரும் மகனும், பாபா பிறந்த மண்ணின் அகதிப் பிள்ளைகளுக்காக வாசித்தார்கள். முதிய பாபா அப்போது மைஹரில் உயிரோடிருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அவர் தொடக்கிய வேலையை, அரை நூற்றாண்டு கழித்து, அவர் வளர்த்தவர்கள் உலகின் மறுகரையில் செய்தார்கள்.

ஆயினும் எம்மைப் பொறுத்தவரை, அந்த மேதைகளை விட அவருக்குப் பெருமை சேர்ப்பவர்கள் பெயர் பரவாத அந்தப் பிள்ளைகளே. மேதைகள் வேறு குருவிடம் போயிருந்தாலும் எப்படியோ மேதைகளாகியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எவரும் இல்லை. அவர்கள் வளர்ந்து, சம்பளம் பெறும் வாத்தியக்காரர்களாகி, தமக்குப் பின் வந்தவர்களுக்குக் கற்பித்தார்கள். மைஹர் வாத்தியக் குழு அவரது மறைவோடு முடிந்துவிடவில்லை. தலைமுறை மாறியும் அது தொடர்கிறது.

இழப்பைச் சந்தித்த பிள்ளைகளை எமது தொழிலில் அடிக்கடி காண்கிறோம். அப்பிள்ளைகளுக்குப் பலரும் இரக்கம் காட்டுகிறார்கள். உடுப்பும் கொப்பியும் கொடுக்கிறார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் எப்போதும் பெறுகின்ற இடத்திலேயே இருக்கும் பிள்ளை தலை குனிந்தே வளரும். வாத்தியக் குழுவில் அப்படியன்று. தன்னுடைய அடி விழாவிட்டால் மற்றவர்களின் பாட்டு குழம்பும் என்று ஒரு பிள்ளை அறியும்போது, தான் வேண்டப்படுகிறேன் என்பதை எவரும் சொல்லாமலே உணர்கிறது. பக்கத்தில் நிற்பவளின் மூச்சைக் கவனிக்கவும், முந்தாமலும் பிந்தாமலும் நிற்கவும் பழகுகிறது. எந்த மருந்துச் சீட்டிலும் எம்மால் இதை எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே உலகெங்கும் பரந்து வாழும் எமது பழைய மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, புதிய பாண்ட் குழு விளையாட்டுப் போட்டிக்கும் பிரமுகர் வரவேற்புக்கும் மட்டும் அணிவகுக்கும் குழுவாக ஆகிவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் பயிற்சி நடக்க ஓர் ஆசிரியருக்கான வேதனத்தையும் நாம் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும். வாத்தியங்களை வாங்குவது ஒருநாள் வேலை; ஆசிரியரை வைத்திருப்பது ஆண்டாண்டுக் கடமை. இரண்டாவது, தெரிவின்போது சீருடையும் சப்பாத்தும் வாங்க வசதியுள்ள பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். கடைசி வாங்கில் பேசாதிருக்கும் பிள்ளை தானாக வரமாட்டாள். அவளைத் தேடிப்போய் அழைக்க வேண்டும். அவளுக்குத் தாளம் வருமா என்று முதலில் பார்க்க வேண்டாம். கோலைக் கையில் கொடுத்தால் தாளம் பிறகு வரும்.

எம்மோடு தகரம் அடித்த அந்தத் தோழி இன்று தூரதேசத்தில் பிள்ளைகளைப் பெற்று வாழ்கிறாள். புதிய குழுவின் பேஸ் ட்ரம்முக்கான பணத்தை முதலில் அனுப்பியவள் அவளே. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், நாமும் போடவில்லை.

நூறு ஆண்டுகளாக எமக்கு எழுத்தறிவித்த பாடசாலை அன்னையின் முற்றத்தில், கடற்காற்றோடு கலந்து அந்த ட்ரம் ஒலி மீண்டும் எழட்டும். அதை அடிக்கும் கை, வேறெங்கும் அழைக்கப்படாத ஒரு பிள்ளையின் கையாக இருக்கட்டும்.